வாகைமர வாங்குகள்

ஓவசியர் சோமசேகரத்தின் வீட்டு வாசலில் நின்ற வாகைமரத்தைத் தறிக்க ஆட்கள் வந்தபோது, அதைத் தறிக்கும்படி மனுக் கொடுத்தது தான்தான் என்பது அவருக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. கொடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதிது. யாழ்ப்பாண நகரிலிருந்து குருநகருக்குத் திரும்பும் தெருவின் முனையில், கேற் போட்ட கல்வீட்டில் மனைவி ஞானாம்பிகையோடு குடியிருந்தார். வாகையில் அடைகிற காகங்கள் அவருடைய ஏ-ஃபோர்ட்டி காரை ஒருநாளும் வெள்ளையடிக்காமல் விட்டதில்லை. காக்கை எச்சத்துக்காக அரசாங்கம் மரம் தறிக்காது என்பது முப்பது வருடம் றோட்டுப் போட்ட மனிதருக்குத் தெரியாதா? ஆகவே, மரத்தின் கிளைகள் மின்கம்பியில் முட்டுவதாகவும் உயிராபத்து நேரலாமென்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

மனு எந்தெந்த மேசையில் படுத்துக் கிடந்ததோ, 1992 ஆவணியில் எழும்பி வந்தது. அதற்குள் சண்டை மூண்டு, நகரத்துக்கு மின்சாரம் வருவது நின்று இரண்டு வருடமாகியிருந்தது. அக்கம்பக்கத்தார் கம்பியைக் கீழே இறக்கிக் கட்டி அதில் சேலை காயப்போட்டார்கள். காருக்குப் பெற்றோல் இல்லை. அது கொட்டிலுக்குள் நான்கு கல்லின்மேல் நின்றது.

சோமசேகரம் வெளியே ஓடிவந்து, கம்பியில் கரண்டே இல்லையே, இனி எதற்குத் தறிக்கிறீர்கள் என்று கேட்டார். வந்தவர்களில் மூத்தவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"கரண்ட் இல்லாத நேரத்திலைதான் ஐயா தறிக்க வேணும். கரண்ட் இருக்கேக்கை தறிச்சால் எல்லோ ஆபத்து."

தானும் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்து பழகியவர் என்பதால் சோமசேகரத்துக்கு அந்த நியாயம் உடனே விளங்கிவிட்டது.

மரத்தின் கீழே ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. தீவுப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனங்கள் தெருவின் மறுபக்கத்துப் பழைய அரிசிக் கிடங்கில் இருந்தார்கள். அவர்களோடு வந்தவள் மக்டலீன். ஊரில் பாலர் வகுப்புப் படிப்பித்தவள். கிடங்குக்குள் பாயை விரித்தால் கால் வைக்க இடமில்லை. அதனால் வாகையின் அடியில் ஒரு ஆணியடித்துக் கரும்பலகையைத் தொங்கவிட்டு, அங்கேயே வகுப்பைத் தொடங்கியிருந்தாள். ஆட்கள் கோடாலியை எடுத்ததும் பிள்ளைகளைத் தெருவுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒவ்வொரு கிளை விழும்போதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியாக அடிமரம் சரிந்ததும் எல்லார் முகத்திலும் ஒரேயடியாக வெயில் விழுந்தது. அப்போது ஒருவரும் கைதட்டவில்லை.

அடிமரம் விழுந்த இடம் சோமசேகரத்தின் கேற்றடி. கேற்றைத் திறக்க முடியாமல் குறுக்கே கிடந்தது. இதை இழுக்க லொறி வேண்டும், லொறிக்கு டீசல் வேண்டும், ஆகவே யாருக்கு விருப்பமோ அவர்கள் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் சைக்கிளில் ஏறிப் போனார்கள். பொழுதுபடுமுன் கிளைகள் எல்லாம் மறைந்துவிட்டன. விறகு கிடைக்காத காலம். தெரு முழுவதும் வந்து அள்ளியது. ஞானாம்பிகையும் மதிலுக்கு மேலால் எட்டி ஒரு கட்டு இழுத்துக்கொண்டாள். அடிமரம் மட்டும் கிடந்தது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். சாதாரண வாள் அதில் பல்லுக்கூடப் பதிக்காது.

மறுநாள் காலை பேக்கரி நடராசா நான்கு ஆட்களோடும் கோடாலிகளோடும் வந்தார். தெரு முனையில்தான் அவருடைய பேக்கரி. பாண் சுடும் போறணைக்கு விறகு தேடிக் கொடிகாமம் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறவருக்கு வாசலிலேயே ஒரு மலை விறகு விழுந்திருந்தது. ஆனால் மரத்தின்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிள்ளைகள் இருந்தார்கள். மக்டலீன் மரத்தின் வெட்டுவாயில் கரும்பலகையைச் சாத்திவைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையளை எழுப்புங்கோ ரீச்சர். ஆளுகள் வந்து நிக்கினம்."

"கணக்குப் பாடம் நடக்குது. முடியட்டும்."

கணக்கு முடிந்து தமிழ் தொடங்கியது. தமிழ் முடிந்து சமயம். பிறகு பாட்டு. மத்தியானத்துக்குள் கோடாலிக்காரர் ஒவ்வொருவராகக் கழன்று போய்விட்டார்கள். நடராசா கெட்ட மனிதர் அல்ல; பிள்ளைகளைத் தூக்கி இறக்கிவிட்டு மரம் கொத்துகிற துணிச்சல் அவருக்கு இல்லை. மரத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கடைசியில் கேட்டார். மக்டலீன் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. மரத்தை விட மனம் வராமல்தான் பிள்ளைகளை ஏற்றி இருத்தியிருந்தாள். பிள்ளைகள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"பிள்ளையள் குந்தியிருந்து படிக்க வாங்கு செய்யப் போறன். மாரி வந்தால் இதுகள் ஈர நிலத்திலை எப்பிடி இருக்கிறது?"

சொல்லிவிட்டாள். பிள்ளைகள் முன்னால் சொன்னதை இனித் திரும்ப எடுக்க முடியாது.

நடராசா சிரித்தார். டீசல் இல்லாமல் மரம் அரியும் மில்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, யார் அரிந்து தருவார் என்று கேட்டார். பிறகு அவரே ஒரு ஏற்பாடு சொன்னார். நிலத்தில் நிற்கும் குற்றியையும் வேரையும் இப்போது தான் கிளறி எடுத்துக்கொள்வது. மாரி தொடங்கும்போதும் அடிமரம் இப்படியே கிடந்தால் அதுவும் போறணைக்கு. மக்டலீன் தலையாட்டினாள்.

அன்று பின்னேரமே அவள் குருநகருக்குப் போய்க் கனிசியஸைக் கண்டாள். கனிசியஸ் வள்ளம் கட்டுகிறவர். கடலுக்குப் போகத் தடை வந்த நாளிலிருந்து ஒருவரும் அவரிடம் வள்ளம் கேட்கவில்லை. அவர் சைக்கிளில் வந்து மரத்தை இரண்டு தரம் சுற்றினார். தட்டிப் பார்த்தார். நிலத்தில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடி நீளத்தைப் பார்த்தார். எழும்பும்போது முகம் மலர்ந்திருந்தது. நல்ல வள்ளம் ஒன்று இதற்குள் கிடக்கிறது என்றார். வாங்குதான் வேண்டும் என்று மக்டலீன் சொன்னதும் அந்த மலர்ச்சி கொஞ்சம் வாடியது. என்றாலும் சம்மதித்தார். கையில் பெரிய இழுவாள் இருக்கிறது. ஆனால் அதை இரண்டு பேர் இழுக்க வேண்டும், ஒருவர் மரத்துக்கு மேலே நின்று, ஒருவர் கீழே குழிக்குள் நின்று. கீழே நிற்கிற கூட்டாளி இந்தியாவுக்குப் போய்விட்டான். குழியும் இல்லை.

கேற்றுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த சோமசேகரம் தொண்டையைச் செருமினார். மரம் தறித்த நாளிலிருந்து அவர் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல்தான் திரிந்தார்.

"குழி எங்கடை வளவிலை இருக்கு" என்றார்.

அவர் சொன்னது, குண்டுவீச்சுக்குப் பதுங்க வீட்டு முற்றத்தில் வெட்டிய பங்கரை. அந்த நாட்களில் பங்கர் இல்லாத வீடு இல்லை. ஆனால் ஓவசியர் வெட்டிய பங்கர் நகரத்திலேயே தனி. நூல் பிடித்து, மட்டம் பார்த்து, நான்கு மூலையும் பெட்டிபோல வெட்டியிருந்தார். மேலே போட்ட பனங்குற்றிகளை எடுத்துவிட்டால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். கனிசியஸ் எட்டிப் பார்த்து, மரம் அரியவே வெட்டினதுபோல இருக்கிறது என்றார். கீழே நிற்பது யார் என்ற கேள்வி வந்தது. விறாந்தையிலிருந்து ஞானாம்பிகை அதை முடித்துவைத்தாள்.

"இவர் சும்மாதானே இருக்கிறார்."

கேற்றைக் கழற்றினார்கள். கனிசியஸ் கொண்டுவந்த வடக்கயிற்றைக் கட்டி, அரிசிக் கிடங்கு ஆட்கள் முழுப்பேரும் பிடித்திழுத்து, மரத்தை உருட்டிக் குழியின்மேல் ஏற்றினார்கள். மேலே கனிசியஸ், கீழே, தலைக்குத் துவாய் கட்டிக்கொண்டு, ஓவசியர் சோமசேகரம். தன்னுடைய உத்தியோக காலத்தில் அவர் எவரையும் அண்ணாந்து பார்த்து வேலை செய்ததில்லை.

வாகைமரத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் வரும். மேலே நிற்பவருக்குக் காற்று அதைக் கொண்டுபோய்விடும். கீழே நிற்பவருக்கு அவ்வளவும் தலையில். சோமசேகரம் தும்மத் தொடங்கினார். ஒவ்வொரு தும்மலுக்கும் வாள் ஒரு நெளிவு நெளிந்தது. கனிசியஸ் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"ஐயா, தும்மிறதெண்டால் சொல்லிப்போட்டுத் தும்முங்கோ."

"அது சொல்லிக்கொண்டோ வருது?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டது.

வகுப்பு இப்போது முற்றத்து மாமர நிழலுக்கு வந்திருந்தது. ஓவசியரின் தும்மலைப் பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். மக்டலீன் முதலில் அதட்டிப் பார்த்தாள். பிறகு காலைத் தும்மலையும் பின்னேரத் தும்மலையும் கூட்டச் சொல்லிக் கணக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. பிள்ளைகள் பழக்கப்படி ஓடிவந்து குழிக்குள் இறங்கினார்கள். மக்டலீனும் ஞானாம்பிகையும் இறங்கினார்கள். மேலே நின்று வாள் இழுக்கிறவன் கீழே இறங்குவதில்லை என்று பெருமை பேசும் கனிசியஸும் வாளை விட்டுவிட்டுக் குதித்தார். தலைக்கு மேலே அந்தப் பெரிய மரம் கிடந்ததால் அன்று தெருவிலேயே அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. ஆனால் காலுக்குக் கீழே முழங்கால் அளவுக்குத் தூள். ஒருவர் தும்ம, எல்லாரும் தும்மினார்கள். சின்னப்பிள்ளைகள் தும்மியும் சிரித்தும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஹெலி எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, அது போய்க் கனநேரம் என்று சொன்ன பிறகுதான் ஏறி வந்தார்கள். கனிசியஸின் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது. அன்றிலிருந்து அவர் கீழே நிற்பவரின் தும்மலைப் பற்றிக் கதைக்கவில்லை.

பலகைகள் சேர்ந்தன. முதல் வாங்கைக் கனிசியஸ் தனியாகத் தன் வளவில் செய்து, இரண்டு சைக்கிளில் கட்டி, சாக்கால் மூடிக் கொண்டுவந்தார். சாக்கை எடுத்ததும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவ்வளவு வடிவு. இழைத்த பலகை மாவைப்போல வழவழவென்று இருந்தது. நடுவில் மெல்லத் தாழ்ந்து, இரண்டு முனையும் கூராகி மேலே எழும்பியிருந்தன.

பிள்ளைகள் ஏறி இருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வழுக்கி வந்து நடுவில் குவிந்தார்கள். எழும்பி மறுபடி இருந்தார்கள். மறுபடி குவிந்தார்கள். மூன்றாம் தரம் அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்.

சோமசேகரம் உள்ளே போய்த் மட்டம் பார்க்கும் தன் நீர்மட்டக் கருவியை எடுத்துவந்து வாங்கின் ஒரு பக்கத்தில் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழ் ஒரே ஓட்டமாக ஓடி மூலையில் ஒளிந்துகொண்டது.

"கனிசியஸ், நீர் செய்தது வாங்கில்லை. வள்ளம்."

"கடலிலை நேர்கோடு எண்டு ஒண்டு இல்லை ஐயா."

"பிள்ளையள் இருக்கிறது தரையிலை."

மக்டலீன் பிள்ளைகளைக் கேட்டாள். எல்லாருக்கும் அந்த வாங்குதான் பிடித்திருந்தது. அதனாலேயே அது வகுப்புக்கு உதவாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பாட்டுப் பாடத்துக்கு அதை வைத்துக்கொள்வோம், மற்றவற்றை ஓவசியர் ஐயா கோடு போட்டுத்தர நேராகச் செய்வோம் என்று தீர்த்தாள். வாளை எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுற்றிக்கொண்டு போன கனிசியஸ் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சோமசேகரம் தனியாகக் குழியடியில் நின்று பார்த்தார். வாள் இல்லை, கூட்டாளி இல்லை, தும்மலும் இல்லை. மேற்கே மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நடராசா அந்த வழியால் போகும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்கி மரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். ரீச்சர் போய்ச் சொன்னால் கேட்பார் என்று சோமசேகரமே மக்டலீனிடம் சொன்னார். அந்த மனிதர் இல்லாமல் தனக்கு நேரம் போகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

கனிசியஸ் தன் வளவில், கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளம் ஒன்றின் நிழலில் இருந்தார். மக்டலீனுக்கு அவருடைய மனைவி லூர்த்தம்மா தேத்தண்ணி கொடுத்தாள். கோபமா என்று மக்டலீன் கேட்டாள். அவர் தன் கைகளை விரித்துக் காட்டினார்.

"கோபம் இல்லை ரீச்சர். ரண்டு வருஷமாய் நான் ஒண்டும் கட்டேல்லை. மரத்திலை கை வைச்ச உடனை, முனை ரண்டும் தானாய் எழும்புது. நான் என்ன செய்ய?"

மக்டலீன் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"என்ரை பிள்ளையளும் வள்ளத்திலை வந்ததுகள்தான் அண்ணை. திரும்பவும் வள்ளத்திலை ஏறி ஊருக்குப் போகத்தான் அதுகளுக்கும் ஆசை. ஆனால் இப்ப எழுதிப் பழக வேணும். எழுதிறதுக்கு மட்டமாய் ஒரு இடம் வேணும்."

மறுநாள் காலை கனிசியஸ் வாளோடு வந்து மரத்தின்மேல் ஏறி நின்றார். சோமசேகரம் துவாயைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஓவசியர் கோடு போட்டார். வள்ளக்காரர் அந்தக் கோட்டில் போனார். சில இடத்தில் முனையடியில் வந்ததும் கை மேலே இழுக்கும். அப்போது சோமசேகரம் ஒரு தரம் செருமுவார், கை இறங்கிவிடும். ஒவ்வொன்றாக நேரான வாங்குகள் முற்றத்தில் வரிசையாக நின்றன. நீர்மட்டத்தின் குமிழ் நடுவில் அசையாமல் இருந்தது. சோமசேகரம் அடிக்கடி போய் அதை வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

ஆனால் பச்சைமரம் பச்சைமரம்தான். கடைசி வாங்கு முடியுமுன்னே, முதலில் செய்த நேர்வாங்கு வெயிலில் காய்ந்து ஒரு பக்க முனையை மெல்லத் தூக்கிக்கொண்டது. சோமசேகரம் நீர்மட்டத்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கனிசியஸ் தூரத்தில் நின்று பீடியைப் பற்றவைத்தார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை ஐயா. மரம் என்ரை பக்கம்."

சோமசேகரம் ஒரு ஓட்டுத்துண்டைத் தேடி எடுத்து வாங்குக் காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

ஐப்பசி முதல் மழை ஒரு காலைநேரத்தில் சடுதியாக வந்தது. பிள்ளைகள் வாங்குகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றார்கள். வாங்கு வந்தது, அதை வைக்க ஒரு கூரை வேண்டுமே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஞானாம்பிகை விறாந்தையில் நின்று அவர்களைப் பார்த்தாள். பிறகு கார்க் கொட்டிலைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். சோமசேகரம் காரைப் பார்த்தார். கலியாணம் செய்த வருடம் வாங்கிய கார். கல்லின்மேல் நின்றாலும் கிழமைக்கு ஒருதரம் துடைப்பார். மழை பலத்தது. ஒரு சின்னப்பிள்ளை வாங்குக்குக் கீழே நின்று, அது தன் வீடு என்பதுபோல வெளியே எட்டிப் பார்த்தது.

"கல்லை எடுங்கோ. தள்ளுவம்" என்றார் சோமசேகரம்.

கனிசியஸும் பிள்ளைகளும் காரைத் தள்ளி மழைக்குள் விட்டார்கள். வாங்குகள் கொட்டிலுக்குள் வரிசையாக அமைந்தன. எல்லாரும் நனைந்துபோய் இருந்தார்கள். மக்டலீன் கரும்பலகையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல அன்றைய தேதியை எழுதினாள். சோமசேகரம் கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டார். எழும்பிப் போகும்படி ஒருவரும் சொல்லவில்லை. சில நாளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் என்றாகிவிட்டது.

மழை விட்டதும் நடராசா வந்தார். மாரி தொடங்கிவிட்டது, மரம் முடிந்துவிட்டது. தனக்கு இனி ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முற்றத்தில் ஒரு துண்டு கிடந்தது. அடிமரத்தின் அடிப்பாகம், பலகையாக அரிய முடியாத முறுக்கு விழுந்த பெரிய பாளம். நடராசா அதைக் காலால் தட்டிப் பார்த்தார். விறகாகத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவரோ கனிசியஸைத் தனியே கூப்பிட்டார். பேக்கரியில் மா குழைக்கிற மரத்தொட்டி பிளந்து போய்விட்டது. நகரத்தில் எங்கும் வாங்க முடியவில்லை. சீமெந்து நிலத்தில் போட்டுக் குழைக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு தொட்டி குடைய முடியுமா என்று கேட்டார்.

கனிசியஸ் பாளத்தின் அருகே குந்தியிருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவினார். மிகவும் கவனமாகக் கேட்டார்.

"முனை ரண்டும் எழும்பலாமோ?"

"எழும்பத்தான் வேணும். இல்லாட்டில் மா வெளியிலை போயிடும்."

கனிசியஸ் எழும்பி, உளிகளை எடுத்துவரக் குருநகருக்குச் சைக்கிளை மிதித்தார்.

அந்தத் தொட்டியை அவர் ஒருவரையும் தொடவிடவில்லை. சோமசேகரம் நீர்மட்டத்தோடு பக்கத்தில் வந்தபோது, இதற்கு அது வேண்டாம் ஐயா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். உளி போட்டுக் குடைந்தார், இழைத்தார், கண்ணாடித்துண்டால் சுரண்டினார். மரத்தின் காரம் போகக் கிணற்றடியில் நாள்நாளாகத் தண்ணீரை நிறைத்து ஊற்றி, பிறகு தேங்காயெண்ணெய் பூசினார். ஒரு சொட்டுத் தண்ணீரும் கசியவில்லை. முன்முனையில் வள்ளங்களுக்குச் செய்வதுபோலச் சின்னச் சிலுவை ஒன்று செதுக்கினார். பேக்கரிக்கு வந்ததும் மா குழைக்கிறவர்கள் அதற்குப் பக்கத்தில் மூன்று குறி திருநீறு இழுத்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் இருந்தன.

தொட்டியில் முதல் மாவைப் போடும் காலையில் கனிசியஸையும் வரச்சொல்லியிருந்தார் நடராசா. கனிசியஸ் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, வள்ளம் இறக்குகிற நாளுக்குப் போவதுபோலப் போனார். மக்டலீனும் போனாள், அன்றைய பாணில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு என்று நடராசா சொல்லியிருந்தார்.

அந்தக் கிழமை நகரத்துக்கு மா வரவில்லை. நடராசாவிடம் இருந்தது ஒரு மூட்டையின் அடியில் மிஞ்சிய கொஞ்ச மா மட்டும். அதைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தபோது அந்தப் பெரிய தொட்டியின் நடுவில் சின்னத் தலையணை அளவுக்கு ஒரு உருண்டைதான் திரண்டது. சுற்றவர வெறும் மரம். கனிசியஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேட்டின் கைப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் பெரிசாய்ச் செய்துபோட்டன் போலை கிடக்கு" என்றார்.

நடராசா மாவில் அப்பிய கைகளை உதறினார்.

"இருக்கட்டும். மா வரும்."